பீரோவில் இருந்த மெழுகுக் கட்டி

செப்டம்பர் 9

இந்த டைரியில் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை தலைகீழாக பைண்டு ஆகியிருக்கிறது. எங்கள் அச்சகத்தில் இப்படி நாற்பது டைரிகள் கழிந்தன. பார்ட்டிக்குக் கொடுக்க முடியாது, எடைக்குப் போடவும் முதலாளிக்கு மனம் வரவில்லை. "வேணும்னா நீரு ஒண்ணு எடுத்துக்கிடும் அண்ணாச்சி" என்றார். எட்டு மாதம் சும்மா கிடந்தது. தலைகீழ்ப் பக்கம் வந்த பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேராக இருந்தபோது எழுத ஒன்றும் இல்லை.

பெயர் வெயில்முத்து. சிவகாசியில் ஆப்செட் மிஷின்மேன். வயது அறுபது. பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன், ஆகவே ஒரு வருஷம் படித்தவர்களைவிட எனக்கு அறிவு அதிகம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். மனைவி ஜெயக்கனி இதை முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கிறாள். இப்போதெல்லாம் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை.

மகள் சுகந்திக்கு நான்காம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள். பக்கத்துத் தெருவில்தான் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இன்று அவளுக்குத் தலை வாரிவிட்ட ஜெயக்கனி கழுத்தில் கை வைத்துவிட்டு, "என்னடி இது, நெல்லிக்காய் கணக்கா?" என்றாள்.

"ரெண்டு மாசமா இருக்கும்மா. வலியில்ல."

"வலியில்லன்னா சொல்ல மாட்டியா?"

"வலியில்லாததை எல்லாம் சொல்லணும்னா எனக்கு நாள் பத்தாது."

என் வாய் அவளுக்கு. நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 12

மதுரையில் கட்டியை எடுத்துவிட்டார்கள். நான்கு தையல். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. வரும் வழியில் சுகந்தி பரோட்டா கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் இரண்டு.

செப்டம்பர் 19

ரிப்போர்ட் வந்தது. லிம்போமா என்றார் டாக்டர். ரத்தத்தில் இருக்கும் ஒருவகை அணு கெட்டுப்போய்க் கட்டியாகிறதாம். புற்றுநோய்தான். மருமகன் ஜெயசீலன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் அச்சடித்தது. சிவப்பு ஒரு நூல் விலகியிருந்தது. நம்ம மிஷினில் ஓடியதாக இருக்கக் கூடாதே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நினைப்பதற்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

என்ன வகை என்பதில் குழப்பம் இருக்கிறது, சோதனை செய்தவரே விளக்கட்டும் என்று கீழ்மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. "ஐயா என்ன வேலை பார்க்குறீங்க?" என்றார். அச்சு வேலை என்றேன். "அப்ப உங்களுக்குக் கலர் தெரியும், வாங்க" என்று மைக்ராஸ்கோப்பில் குனிய வைத்தார். நீலப் புள்ளிகள். அவற்றின் மேல் காப்பிப்பொடி நிறம்.

"அந்தக் காப்பி நிறம் ஏறின இடத்துல எல்லாம் நாங்க தேடுற அடையாளம் இருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு நம்பர். மெதுவா வளர்ற வகைன்னா பத்தாம் நம்பர் ஏறும், அஞ்சாம் நம்பர் சாதாரணமா ஏறாது. வேகமா போற வகைன்னா அஞ்சு ஏறும், பத்து பெரும்பாலும் ஏறாது. உங்க பொண்ணுக்கு ரெண்டுமே ஏறியிருக்கு."

"ரெண்டு கட்சிக் கரையும் போட்ட வேட்டி மாதிரி" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆளு எந்தக் கட்சின்னு நாங்க கண்டுபிடிக்கணும்."

"ரிசல்ட் வந்தாத்தான் அது அவருக்கே தெரியும்மா."

ஜெயசீலன் என் முழங்கையைப் பிடித்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

மறுபடி மேல்மாடி. பெரிய டாக்டர் நிதானமாகச் சொன்னார். மெதுவான வகைக்குப் பெயர் ஃபாலிக்குலர். அதுவாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்கலாம், பல பேருக்கு வருஷக்கணக்கில் மருந்தே இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. வேகமான வகை மேன்டில். அதுவாக இருந்தால் கடுமையான மருந்து, உடனே.

"பிள்ளை?" என்றாள் சுகந்தி.

டாக்டர் பேனாவை மூடினார். "இருபது வாரத்துக்குள்ள முடிவு எடுக்கணும்மா. அதுக்கு மேல சட்டத்துலயும் சிக்கல், உங்க உடம்புக்கும் சிக்கல். உங்களுக்கு அது அக்டோபர் பன்னிரண்டு. இன்னும் சில அடையாளங்களைப் போட்டுப் பார்த்தா எந்த வகைன்னு தெளிவாயிரும். அந்தச் சோதனை சென்னையிலதான். நிறைய நாள் இருக்கு, வந்துரும்."

செப்டம்பர் 20

சோதனைக்கு உரியதை நம்மிடமே தருகிறார்கள், நாம்தான் கொண்டுபோக வேண்டும். கவுன்டரில் ஒரு சின்னப் பெட்டி நிறையக் கண்ணாடித் துண்டுகள், கூடவே பிளாஸ்டிக் உறையில் ஒரு மெழுகுக் கட்டி. தீப்பெட்டியில் பாதி இருக்கும். பிளாக் என்கிறார்கள்.

"சதை இந்த மெழுகுக்குள்ளதாண்ணே இருக்கு" என்றான் கவுன்டர்காரன். "இதைச் சீவித்தான் கண்ணாடியில ஒட்டுறது. இது ஒண்ணே ஒண்ணுதான். தொலைச்சா மறுபடி கழுத்தைத்தான் கீறணும்."

எனக்கு அவன் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெழுகு என்பது பிளேட். கண்ணாடி என்பது அச்சடித்த தாள். எங்கள் தொழிலில் கேட்டவனுக்குத் தாளைக் கொடுப்போம், பிளேட் அச்சகத்தை விட்டு வெளியே போகாது. இருபத்திரண்டு வயதில் ஒரு தீப்பெட்டி லேபிள் பிளேட்டை ஒருத்தனை நம்பி இரவல் கொடுத்தேன். பத்து நாளில் அந்த லேபிளை ஊரே அச்சடித்தது. முதலாளி விட்ட அறையில் இடது காது இன்றும் மழைக்காலத்தில் இரைகிறது.

ஆகவே கண்ணாடிகளைப் பஞ்சு வைத்து டிபன் டப்பாவில் அடுக்கினேன். மருத்துவமனை கொடுத்த கடிதம் ஒட்டிய உறையில் இருந்தது, அதையும் வைத்தேன். மெழுகுக் கட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்றாள் ஜெயக்கனி. விளக்குச் சூட்டில் உருகினால்? "இதுக்குத்தான் வீட்டுல படிச்சவன் ஒருத்தன் வேணுங்கிறது" என்று சொல்லிவிட்டு, அவளுடைய கல்யாணப் பட்டில் சுற்றி பீரோவில் பூட்டினேன்.

செப்டம்பர் 22

சென்னை. டிபன் டப்பாவை மடியைவிட்டு இறக்கவில்லை. எதிர் சீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிடலையா?" என்றார். விரதம் என்று சொல்லிவிட்டேன்.

லேப் கவுன்டரில் ஒரு பெண், என் பின்னால் முப்பது பேர். "பிளாக் எங்க சார்?" என்றாள்.

"பத்திரமா இருக்கும்மா. வீட்டுல பூட்டி வச்சிருக்கேன்."

அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பின்னால் நின்றவர் டோக்கனை நீட்டினார். "சரி, டாக்டர் பார்த்துட்டுத் தேவைன்னா தகவல் சொல்வாங்க. எட்டு வேலை நாள் ஆகும்."

பாரத்தை நானே நிரப்பினேன். மூன்று அடித்தல்தான்.

செப்டம்பர் 27

காலாண்டுத் தேர்வுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த சுகந்தி சிவப்புப் பேனாவை அப்படியே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலியோ என்று ஓடினேன். ஜெயக்கனி என்னைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அரை மணி கழித்து வந்து, "அப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னு சொன்னா, அதான் சொல்லுறேன். மீன்குஞ்சு வால் அடிச்ச மாதிரி இருந்துச்சாம்" என்றாள்.

ஆட்டி வைத்த மாவில் இரண்டு தோசை அதிகம் தின்றேன்.

செப்டம்பர் 30

சென்னையிலிருந்து ஒன்றும் இல்லை. வந்துவிடும்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. மிஷினுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டோம். பொரி, சுண்டல். இடையில் லேபுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்க ஆள் இல்லை. அவர்களும் மைக்ராஸ்கோப்புக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அக்டோபர் 4

போன் கிடைத்தது. மெழுகுக் கட்டியும் வேண்டுமாம். புது அடையாளம் பார்க்கப் புதிதாகச் சீவ வேண்டுமாம், கொண்டுபோன கண்ணாடிகளில் அது முடியாதாம். நாளை ஞாயிறு. திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறேன்.

வீட்டில் "இன்னொரு சோதனை பாக்கியாம்" என்று சொன்னேன். பொய் இல்லை. பாக்கிதான்.

அக்டோபர் 6

கொடுத்துவிட்டேன். அதே பெண்தான் இருந்தாள். "போன தடவையே கொண்டு வந்திருக்கலாமே சார்?" என்றாள். சிரித்தேன். எந்த இடத்திலும் சிரிக்க வரும் எனக்கு.

பன்னிரண்டாம் தேதி விவரத்தைச் சொன்னதும் அவள் எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை. "டாக்டர் உங்களுதை முதல்ல எடுக்கச் சொல்லிட்டார் சார். ஆனா அதுல ஒரு சோதனைக்குக் குறைக்க முடியாத நாள் இருக்கு. பதினாறுக்கு முன்னால வராது."

ரயிலில் விரல் விட்டு எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் நான்கு விரல் மிச்சம் நின்றது.

அக்டோபர் 9

மதுரை. அக்குளில் இன்னொரு கட்டி இருப்பதை முன்பே சொல்லியிருந்தார்கள், அது கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. பதினாறாம் தேதி வரை பொறுக்கலாமா என்று ஜெயசீலன் கேட்டான்.

"பொறுக்கலாம்" என்றார் டாக்டர். "மெதுவான வகைன்னு வந்தா நல்லது. வேகமான வகைன்னு வந்தா, அப்ப நம்ம கையில இருக்கிற வழி எல்லாமே ஆபத்தானது. பிள்ளையை வச்சுக்கிட்டு மருந்து கொடுக்கிறதும் உண்டு, ஆனா உத்தரவாதம் என்னால சொல்ல முடியாது. நீங்க மூணு பேரும் வெளிய போய்ப் பேசிட்டு வாங்க."

கேன்டீனில் உட்கார்ந்தோம். டீ ஆறியது.

"நாலு நாள்தானேப்பா" என்றாள் சுகந்தி.

ஜெயசீலன் மேஜையில் கிடந்த சர்க்கரைத் துகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். நான்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுகூடச் சொல்லலாம். நீ இருந்தால் எல்லாம் உண்டு என்றேன். வயசு இருக்கிறது என்றேன். கடைசியில், "எனக்கு உன்னையத்தாம்மா தெரியும். அதை இன்னும் பார்க்கவே இல்லையே" என்றேன்.

"நான் பார்த்துட்டேனேப்பா."

பக்கத்து மேஜையில் யாரோ வடை நன்றாக இல்லை என்று சண்டை பிடித்தார்கள். அது முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுகந்தி எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். "சரி, வாங்க. டாக்டர் காத்துக்கிட்டிருப்பார்."

அக்டோபர் 11

முடிந்தது.

அக்டோபர் 14

சுகந்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள். காலையில் ஜெயக்கனி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, மெதுவாக, "உதிரி மல்லி கால் கிலோ வாங்கிட்டு வாங்க" என்றாள். எதற்கு என்றேன். முறைத்தாள். அப்புறம் அவளே, "பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சலா இருக்கா. பூவை வச்சுக் கட்டுனா வத்தும்" என்றாள்.

பிள்ளை வராவிட்டாலும் பால் வரும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் பத்தாம் வகுப்பு படித்தவனுக்கு.

பூக்கடைக்காரி நிறுத்துக்கொண்டே, "கால் கிலோவா! வீட்டுல என்ன அண்ணாச்சி விசேஷம்?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

மேலே ஒரு கைப்பிடி சேர்த்துப் போட்டாள்.

அக்டோபர் 16

ரிப்போர்ட் வந்தது. ஃபாலிக்குலர். மெதுவான வகை.

வேகமான வகைக்கு உரிய அடையாளம் எதுவுமே ஏறவில்லையாம். அப்படியானால் ஐந்தாம் நம்பர் ஏன் ஏறியது என்று ஜெயசீலன் கேட்டான். ஃபாலிக்குலரில் அபூர்வமாகச் சில பேருக்கு அப்படி வரும் என்றார் டாக்டர். அதனால் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், இப்போதைக்கு மருந்து வேண்டாம். "நல்ல செய்திதான்" என்றார். மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சுகந்தி ரிப்போர்ட்டை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தாள். டீச்சர் இல்லையா, விலாசத்தைக்கூட விடமாட்டாள். முதல் பக்கத்தில், மேலே, மெழுகுக் கட்டி கேட்ட தேதியும் வந்த தேதியும் போட்டிருந்த இடத்தில் அவள் விரல் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஜெயசீலன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "எவ்வளவு அலைச்சல் மாமா உங்களுக்கு. ரெண்டு தடவை சென்னைக்குப் போயி, டப்பாவை மடியிலயே வச்சுக்கிட்டு... நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சுவரில் எழுதியிருந்தது. நீலம் நன்றாக விழுந்திருந்தது.

அக்டோபர் 20

தீபாவளி. நாட்டுக்கே வெடி செய்து அனுப்புகிற ஊர். எங்கள் வீட்டில் வெடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தெருக்கோடிக்குப் போய் வெடித்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 5

காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கிறது. இன்று ஆயிரத்து இருநூறு தாள் என் கவனக்குறைவால் கழிந்தது. முதலாளி திட்டவில்லை. "வீட்டுல பிள்ளைக்கு எப்படி அண்ணாச்சி இருக்கு?" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜெயக்கனியிடம் சொல்லிவிட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மெழுகுக் கட்டியை முதல் தடவையே கொடுத்திருந்தால் பன்னிரண்டாம் தேதிக்கு ஐந்தாறு நாள் முன்னாலேயே ரிப்போர்ட் வந்திருக்கும், பிள்ளை இருந்திருக்கும் என்று சொன்னேன். சொல்ல மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது நீளமாக இருந்தது.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. மூடி முழுவதும் முடிந்த பிறகு, "என் பட்டுலதானே சுத்தி வச்சீங்க. நானும் பார்த்துக்கிட்டுதானே நின்னேன்" என்றாள். பிறகு, "அவகிட்டச் சொல்லாதீங்க. உங்களுக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு ஏறும்" என்றாள்.

நவம்பர் 6

சொல்லவில்லை.

நவம்பர் 24

சுகந்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். தெருமுனை வரை கூடப் போனேன். "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்றாள். உண்மையில் ஒன்றாம் வகுப்பில் நான் கொண்டுபோய் விட்டதில்லை. அன்றைக்கும் சீசன்.

டிசம்பர் 18

மதுரை. கழுத்து, அக்குள், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். கட்டிகள் இருந்தபடி இருக்கின்றன. மருந்து வேண்டாம். பிப்ரவரியில் வரச் சொன்னார்கள். பிற்பாடு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று சுகந்தி கேட்டாள். ஒரு வருஷம் பார்ப்போம் என்றார் டாக்டர். ஆகாது என்று சொல்லவில்லை.

ஜெயசீலனுக்கு லீவு இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. வெள்ளரிக்காய் வாங்கினேன், தின்றோம். திருமங்கலம் தாண்டியதும் அவள் வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"என்னைக்கும்மா திட்டியிருக்கேன்?"

"அந்த மெழுகுக் கட்டி வேணும்னு லேப்ல இருந்து மெசேஜ் வந்துச்சுல்ல, அது என் போனுக்குத்தான் வந்துச்சு. நீங்க போயிட்டு வந்த ரெண்டாம் நாளே வந்துருச்சு. நான் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். முடிச்சிட்டு உங்ககிட்டச் சொல்லலாம்னு வச்சேன், அப்படியே மறந்துட்டேன். சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே ஓடியிருப்பீங்க. என்னாலதான்பா லேட்டாச்சு. இத்தனை நாள் சொல்லத் தைரியம் இல்ல."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

பாரத்தை நிரப்பியது நான். அதில் ஒரே ஒரு நம்பருக்குத்தான் கட்டம் இருந்தது, அதில் எழுதியது என் நம்பர். செப்டம்பர் இருபத்துநான்காம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு அந்த மெசேஜ் வந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கையில் மை. இங்கிலீஷில் இருந்ததால் ஏதோ ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று தள்ளிவிட்டேன். இதுவரை இதில் எழுதவும் இல்லை. இன்னும் என் போனில் இருக்கிறது. எழுத்துக்கூட்டி எத்தனையோ தடவை படித்துவிட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த வெள்ளரித் துண்டில் உப்பு கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல் என்று காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. நான் எதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"போகட்டும் விடும்மா" என்றேன். "மறதி யாருக்கும் வர்றதுதான்."

"கோபம் இல்லையே?"

"இல்லம்மா."

"மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிச்சிட்டேன்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம் பேச வேண்டாம் என்று கை காட்டினேன், பிள்ளை தூங்குகிறாள் என்று. சிவகாசி வரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவும் இல்லை.